நடத்தாத பாடத்துக்கு மைனஸ் மார்க்

பதினோராம் வகுப்பில் எனக்கு நடத்திய வேதியியலில் கிட்டத்தட்டப் பாதியை நீட் பாடத்திட்டத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். நடத்தாமல் விட்டதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டு அதில் கேள்வியும் கேட்டார்கள். தப்பாக எழுதியதற்கு மார்க்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியில் உனக்கு டாக்டராகத் தகுதியில்லை என்று ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். வயிறு எரிகிறது. ஒன்றரை வருஷமாக எரிகிறது.

நான் தமிழ் மீடியம். ஒரு சின்ன ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளி. 2022-ல் பதினோராம் வகுப்பு சேர்ந்தேன். எங்கள் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு வேதியியல் இரண்டு வால்யூம். முதல் வால்யூமில் ஏழு பாடம். அடிப்படைக் கணக்கீடுகள், அணு மாதிரி, ஆவர்த்தன வகைப்பாடு, ஹைட்ரஜன், கார மற்றும் காரமண் உலோகங்கள், வாயு நிலைமை, வெப்ப இயக்கவியல். இந்த ஏழையும் எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் வரி விடாமல் நடத்தினார். போர்டு நிறைய எழுதுவார், சுண்ணாம்புத் தூள் புடவை முழுக்க இருக்கும். அரையாண்டுக்கு முன்பே மாறுதலில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்கும் அங்கே குழந்தை குட்டி இருக்கிறது, அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் போன இடம் காலியாகவே கிடந்ததே, அதுதான் ஆறவில்லை.

இரண்டாம் வால்யூமில்தான் விஷயமே இருக்கிறது. சமநிலை, கரைசல்கள், வேதிப் பிணைப்புகள், அதன்பின் வரிசையாகக் கரிம வேதியியல். அடிப்படைகள், வினைகளின் கருத்துகள், ஹைட்ரகார்பன்கள், ஹேலோ ஆல்கேன்கள். கடைசியில் சுற்றுச்சூழல். இவற்றில் ஒன்றைக்கூட எங்களுக்கு யாரும் நடத்தி முடிக்கவில்லை. நடுவில் பி.டி.ஏ. மூலம் ஒரு அக்கா வந்தார். எம்.எஸ்சி. முடித்தவர், நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். அவருக்குக் கொடுத்த சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும் போலிருக்கிறது, பொங்கல் லீவுக்குப் போனவர் திரும்பவில்லை. அப்புறம் பயாலஜி டீச்சர் வந்து உட்கார்ந்து, “சத்தம் போடாம கைடைப் படிங்க” என்பார். பாவம், அவருக்கும் அவர் பாடம் பாக்கி.

பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வில் பாஸ் ஆனேனா? ஆனேன். புக் பேக் ஒரு மார்க் கேள்விகள், கைடில் நட்சத்திரம் போட்ட ஐந்து மார்க் கேள்விகள், முதல் வால்யூமில் மிஸ் நடத்திய பாடங்கள். இது போதும் பாஸ் பண்ண. நல்ல மார்க்கே வந்தது. மார்க் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெண் கெமிஸ்ட்ரி படித்தவள் என்றுதான் தோன்றும். பாதிப் புத்தகம் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது என்பது அந்தத் தாளில் எங்கே தெரியப்போகிறது?

பன்னிரண்டாம் வகுப்பில் காலாண்டு முடிந்ததும் சனிக்கிழமை நீட் வகுப்பு ஆரம்பித்தது. சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஹாலில். விருப்பம் கேட்டுத்தான் பெயர் எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன். எத்தனை பேர் என்று கணக்கு மேலே போக வேண்டும், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பெயரெல்லாம் தானாகப் போய்விட்டது. எனக்கு ஆசை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமாகி, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த எங்களைப் போன்றவர்கள் டாக்டருக்குப் படிக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் போட்டோவோடு வந்துகொண்டிருந்த நேரம். கூலி வேலைக்காரர் மகள், ஆடு மேய்ப்பவர் மகன் என்று போடுவார்கள். யாருக்குத்தான் ஆசை வராது?

முதல் வாரமே கையில் ஒரு வினாத் தொகுப்பைக் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த சார் கரிம வேதியியல் பக்கத்தைத் திறந்தார்.

“இதெல்லாம் லெவன்த்லயே பாத்திருப்பீங்க.”

“பாக்கல சார்” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொரு பள்ளிப் பிள்ளைகள். அப்புறம் நாங்கள். பாதி ஹால் சொன்னது. சார் கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்றைக்குள் அந்தத் தொகுப்பில் இத்தனை பக்கம் முடித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

“சரி, ஆன்சரைக் குறிச்சுக்கோங்க. முதல் கேள்வி, டூ. ரெண்டாவது, ஃபோர்.”

இப்படித்தான் நான் நீட்டுக்குத் தயாரானேன். பாடம் பிறகு, விடை முதலில்.

இதில் என்ன நடக்கும் என்று ஒரு கேள்வியை வைத்தே சொல்கிறேன். புரொப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்த்தால் புரோமின் நடுக் கார்பனில் போய் உட்காரும். பெராக்சைடு இருந்தால் ஓரக் கார்பனில் உட்காரும். எங்களுக்குக் குறித்துக்கொடுத்தது ஒரே வரி: “பெராக்சைடு வந்தால் எதிர்.” மனப்பாடம் செய்தேன். மாடல் டெஸ்டில் அதே கேள்வி வந்தது, புரோமினுக்குப் பதில் குளோரின். பெராக்சைடு இருந்தது. எதிர் என்று போட்டேன். தப்பு. மைனஸ் ஒன்று. ஏன் தப்பு என்று கேட்டேன். “அது எச்.பி.ஆருக்கு மட்டும்தாம்மா, எச்.சி.எல்.லுக்குக் கிடையாது” என்றார்கள். ஏன் கிடையாது என்பதற்கு அந்த ஹாலில் நேரம் கிடையாது.

இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் ஆண்டிலேயே மேடம் அதைப் போர்டில் எழுதிக் காட்டினார். ஹைட்ரஜன் – புரோமின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 363.7 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜன் – குளோரினுக்கு 430.5. தனி உறுப்பு வந்து மோதினாலும் குளோரின் பிணைப்பு அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்காது, அதனால் சங்கிலி ஓடாது. ஹைட்ரஜன் – அயோடின் பலவீனமான பிணைப்புதான், ஆனால் அயோடின் தனி உறுப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதனால் மூன்றில் புரோமினுக்கு மட்டும் அந்த விதி. பத்து நிமிஷம்! பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. இந்த எண்ணெல்லாம் பதினோராம் வகுப்பிலேயே படிக்க வேண்டியவை. அந்தப் பத்து நிமிஷத்தை எனக்குக் கொடுக்க ஒரு ஆளைப் போட முடியாதவர்களுக்கு, அதே கேள்வியில் என்னிடமிருந்து மார்க்கைக் குறைக்க மட்டும் எங்கிருந்து உரிமை வந்தது?

யூடியூப் இருக்கிறதே, நீயே படித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் ஒரு போன். அது காலையில் அப்பாவோடு வெங்காயக் காட்டுக்குப் போய்விடும், மோட்டாருக்குக் கரண்ட் வந்ததா என்று பார்க்க, வியாபாரி கூப்பிட்டால் எடுக்க. ராத்திரி வரும்போது சார்ஜ் இருக்காது. அப்படியும் பார்த்தேன். கரிம வேதியியலில் வளைந்த அம்புக்குறி ஒன்று போடுவார்கள். அது எலக்ட்ரான் இணை எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் காட்டுகிறது. யாரும் சொல்லாவிட்டால் அம்பு போகிற பக்கம் அணுவே நகர்கிறது என்றுதானே ஒரு பிள்ளை நினைக்கும்? வீடியோவில் பேசுகிறவர் அது தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். நிறுத்தி, “சார், அந்த அம்பு எதைக் காட்டுது?” என்று கேட்டால் போன் பதில் சொல்லுமா?

இனிமேல்தான் பெரிய கூத்து. 2023 அக்டோபரில், நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பு பாதி தாண்டியபோது, அடுத்த மே மாதத் தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். சுமை குறைந்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எதைக் குறைத்தார்கள் தெரியுமா? ஹைட்ரஜன் போயிற்று. கார, காரமண் உலோகங்கள் போயின. வாயு நிலைமை போயிற்று. மிஸ் புடவையெல்லாம் சுண்ணாம்பாக நின்று நடத்திய ஏழில் மூன்று! நடத்தாத இரண்டாம் வால்யூமில் போனது கடைசிப் பாடமான சுற்றுச்சூழல் வேதியியல் ஒன்றுதான். கரிமம் முழுக்க அப்படியே நின்றது.

பன்னிரண்டாம் வகுப்பிலும் இதே கதை. எங்கள் புத்தகத்தின் முதல் பாடம் உலோகவியல். ஜூன் மாதத்தில் ஊதுலையையும் எலிங்கம் வரைபடத்தையும் கரைத்துக் குடித்தோம். நீட்டில் அது இல்லை. திட நிலைமை, இல்லை. புறப்பரப்பு வேதியியல், இல்லை. அன்றாட வாழ்வில் வேதியியல், அதுவும் இல்லை. பொதுத்தேர்வுக்கு மட்டும் எல்லாம் உண்டு. ஆக, பகலில் நீட்டில் வராததைப் படித்தோம், சனிக்கிழமை நடத்தாததற்கு விடை குறித்தோம். இரண்டையும் ஒரே தலையில் ஏற்றிக்கொண்டு போனவள் தோற்றால் தலைதான் சரியில்லை என்கிறார்கள்.

செய்முறை வேதியியலையும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்ப்பது. அமிலக் கரைசலை ஏன் முதலில் சூடாக்க வேண்டும், தனியாக நிறங்காட்டி ஏன் வேண்டாம் என்றெல்லாம் கேட்கலாம். எங்கள் லேபில் பியூரெட் குழாய் ஒழுகும். பத்துப் பேருக்கு ஒரு பிப்பெட். அளவீடு போர்டில் எழுதியிருக்கும், ரெக்கார்டில் இறக்கிக்கொள்வோம். கடைசிச் சொட்டில் கூம்புக் குடுவை முழுக்க வெளிர் இளஞ்சிவப்பு பரவி நிற்பதைக் கல்லூரி லேபில்தான் முதல்முறை கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? இதைக் காட்டவா ஒரு அரசாங்கத்தால் முடியவில்லை?

2024 மே 5. திருச்சியில் சென்டர். கம்மல், கொலுசு, தலையில் கிளிப் எல்லாம் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். வேதியியலில் சரியென்றால் நாலு, தப்பென்றால் மைனஸ் ஒன்று. கரிம வேதியியல் கேள்விகளின் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. கேள்வி தமிழில்தான் இருந்தது. எல்லா எழுத்தும் வாசிக்க முடிந்தது. ஒன்றும் என்னோடு பேசவில்லை. தமிழில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி என்று வேறு போட்டிருப்பார்கள். 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் எங்கள் அண்ணன்மார் காலத்துக் கதை. கேள்வியில் தப்பு இருந்தாலும் எங்கள் தலையில்தான் விடியும்.

மறுநாளே, மே 6-ம் தேதி, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட். வேதியியலில் தொண்ணூறுக்கு மேல். தெருவில் கேசரி கொடுத்தோம். ஜூன் 4-ம் தேதி, நாடே ஓட்டு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்த அன்று, நீட் ரிசல்ட். அன்றைக்கு அப்பா கேட்டார்:

“ஏம்மா, இந்தப் பாடமெல்லாம் எங்களுக்கு நடத்தவே இல்லன்னு அந்தப் பேப்பர்லயே எழுதிக் குடுத்துட்டு வர முடியாதா?”

அப்பா ஐந்தாம் வகுப்பு. ஓ.எம்.ஆர். ஷீட் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தேர்வு பற்றி இதுவரை யாரும் கேட்காத கேள்வியை அவர்தான் கேட்டார்.

கொஞ்ச நாளில் அரசு உதவி மையத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். தைரியமாக இருக்கிறாயா, சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டார். நல்ல மனுஷி. குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 வாங்கியும் நீட்டால் டாக்டர் சீட் கிடைக்காமல் 2017-ல் நம்மைவிட்டுப் போனதிலிருந்து, ரிசல்ட் வந்ததும் எங்களைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன், இருந்து கேட்கிறேன். அந்த அக்காவிடமும் கேட்டேன்: “அக்கா, எங்க ஸ்கூலுக்கு கெமிஸ்ட்ரிக்கு ஆள் போடுவாங்களா?” அது அவர் துறை இல்லை என்றார். உண்மைதான். யார் துறை?

அந்த வருஷம் நீட் டெல்லி வரை நாறியது உங்களுக்கு நினைவிருக்கும். 67 பேர் 720-க்கு 720. நேரம் குறைந்தது என்று 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டு, பிறகு அதை எடுத்துவிட்டு மறுதேர்வு. இயற்பியலில் அணு பற்றிய ஒரே ஒரு கேள்வி. பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின்படி ஒரு விடை, புதிய புத்தகத்தின்படி ஒரு விடை. பழைய புத்தகம் படித்த பிள்ளைகள் பாதிக்கப்படக் கூடாது என்று இரண்டுக்கும் மார்க் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யில் மூன்று நிபுணர்களை உட்காரவைத்து விடை கேட்டது. ஒன்றுதான் சரி என்று வந்தது, முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 17 ஆகக் குறைந்தார்கள். நான் அதைப் பேப்பரில் வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பழைய பதிப்பு வைத்திருந்த பிள்ளையின் ஒரு விடைக்காக நாட்டின் பெரிய நீதிமன்றம் நிபுணர் குழு போடுகிறது. புத்தகம் புதிது, நடத்த ஆளில்லை என்ற பிள்ளைக்கு எந்தக் குழு?

டிவி விவாதத்தில் ஒருவர் வருவார், கோட்டு போட்டவர். இத்தனை கேள்வி தமிழ்நாட்டுப் புத்தகத்திலிருந்தே வந்திருக்கிறது, படித்திருந்தால் எழுதியிருக்கலாம் என்பார். ஐயா, வந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை. புத்தகம் நல்ல புத்தகம். இரண்டாம் வால்யூமை இப்போது கல்லூரிப் பாடத்துக்காகத் திறந்து வாசிக்கும்போது எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதைத்தானே சொல்கிறேன், எழுதியவர்கள் எழுதினார்கள், அச்சடித்தவர்கள் அச்சடித்தார்கள், கேட்டவர்கள் கேட்டார்கள். நடுவில் நடத்த வேண்டியவர் ஒருத்தர், அவர் மட்டும் இல்லை. இன்னொருவர் தரம் குறைந்துவிடக் கூடாது என்பார். 2023-ல் முதுநிலை நீட்டுக்குக் கட் ஆஃபை பூஜ்ஜியம் பெர்சன்டைல் ஆக்கினார்களே, இடம் காலியாக இருக்கிறது என்று. அப்போது தரம் எங்கே போயிருந்தது? எம்.டி., எம்.எஸ். சீட் காலியாகக் கிடந்தால் உங்களுக்குப் பொறுக்கவில்லை. கெமிஸ்ட்ரி டீச்சர் சீட் காலியாகக் கிடந்தால் பொறுக்கிறது.

2021-ல் சட்டமன்றத்தில் நீட் விலக்கு மசோதா போட்டார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022-ல் சட்டமன்றத்தில் மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். சண்டை போடுங்கள், நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் ஒரு வேதியியல் ஆசிரியரை நியமிக்க எந்த டெல்லியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்? இதைக் கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கே கோபம் வருகிறது, நீ எந்தக் கட்சி என்கிறார்கள்.

ரிப்பீட்டராகப் போ என்றார்கள். அந்தக் கோச்சிங்குக்குக் கட்ட வேண்டிய பணம் அப்பாவின் ஒரு பருவத்து வெங்காயம் மொத்தமும். அந்தப் பருவத்தில் விலையும் இல்லை. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே ஃபவுண்டேஷன் போகிறது, பன்னிரண்டு முடித்து இன்னொரு வருஷமும் உட்கார்ந்து படிக்கிறது. அவர்களுக்கு வேதியியல் ஐந்து வருஷம். எனக்கு ஒன்றரை. இரண்டு பேருக்கும் கேள்வித்தாள் ஒன்று, மணி ஒன்று, மைனஸ் ஒன்று. இதற்குச் சமவாய்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் தம்பி பதினோராம் வகுப்பு. அதே பள்ளி. 2025-26 கல்வியாண்டிலிருந்து பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தையே தாண்டிப் போகின்றன என்றுதான் 2017-18-ல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்று இப்போது எடுத்துவிட்டார்கள். இரண்டு காரணமும் சரியாகவே இருக்கட்டும். எங்கள் பள்ளியில் பாடத்தைத் தாண்டிப் போக யாரும் திட்டம் போடவில்லை, அது தானாகத் தாண்டிப் போனது. இனிமேல் தாண்டினால் கேட்கவும் ஒரு தேர்வு இல்லை. தம்பி பெயரைச் சனிக்கிழமை நீட் பட்டியலில் இப்போதே எழுதிவிட்டார்கள். கெமிஸ்ட்ரிக்கு வந்திருக்கும் தற்காலிக ஆசிரியர் எதுவரை இருப்பார் என்று அவருக்கே தெரியவில்லையாம்.

அப்பா கேட்டதையே நான் கோரிக்கையாக வைக்கிறேன். ஓ.எம்.ஆர். தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வட்டம் இருக்கிறது. ஐந்தாவதாக ஒன்று போடுங்கள்: ‘இந்தப் பாடம் எனக்கு நடத்தப்படவில்லை.’ மார்க் வேண்டாம், மைனஸும் வேண்டாம். தேர்வு முடிந்ததும் எந்தப் பள்ளிப் பிள்ளைகள், எந்தப் பாடத்தில், எத்தனை பேர் அந்த வட்டத்தைக் கறுப்பாக்கியிருக்கிறார்கள் என்று எண்ணி, ரேங்க் லிஸ்ட் வெளியிடுகிற அதே நாளில் அதையும் வெளியிடுங்கள். அதெல்லாம் முடியாது என்பீர்கள், தெரியும். அப்படியென்றால் முடிகிறதைச் செய்யுங்கள். டிசம்பரில் தம்பிக்கு இரண்டாம் வால்யூம் ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் எங்கள் பள்ளிக்குக் கெமிஸ்ட்ரிக்கு நிரந்தரமாக ஒருவரைப் போடுங்கள்.